பட்டமும் பயிற்சியும்: கணனி மேற்படிப்பு பற்றிப் பெற்றோர் சிந்திக்க வேண்டியவை

பிரித்தானியாவில் வாழும் தமிழ்ச் சைவக் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் போல அதிகம் பேசப்படும் விடயம் வேறொன்றும் இல்லை. ஆலயத்தில் பூசை முடிந்து பிரசாதம் வழங்கப்படும் வேளையிலும், கல்யாண வீடுகளிலும், ஏன், செத்த வீடுகளிலும்கூட, "மகன் என்ன படிக்கிறார்? மகள் எங்கே படிக்கிறா?" என்ற விசாரிப்பு கட்டாயம் எழும். "கம்பியூட்டரில் மாஸ்டர்ஸ்" என்பது இப்போது அடிக்கடி கேட்கும் மறுமொழி. அடுத்த கேள்வி எந்தப் பல்கலைக்கழகம் என்பது. அதன் பெயரைக் கேட்டுத் தலையசைப்பதோடு விசாரணை முடிந்துவிடும். அந்தப் படிப்பில் தொழிற்பயிற்சி உண்டா, உண்டென்றால் அதை யார் தேடிக்கொடுப்பது, கிடைக்காவிட்டால் பிள்ளையின் நிலை என்ன என்று கேட்பவர் மிகச் சிலரே. உண்மையில் முதலிற் கேட்கவேண்டியவை இந்தக் கேள்விகள்தான்.

கணனி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் இந்நாட்டில் பொதுவாக ஓராண்டுப் படிப்பு. செப்டெம்பரில் தொடங்கி இரண்டு தவணைகள் விரிவுரையும் பரீட்சையும் நடைபெறும். கோடையில் ஆய்வுக்கட்டுரை எழுதி முடிக்க வேண்டும். இதே படிப்பைத் தொழிற்பயிற்சியோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிப் பல பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன. விரிவுரைகள் முடிந்தபின் மாணவர் ஒரு நிறுவனத்தில் 9 முதல் 12 மாதங்கள்வரை முழுநேர ஊழியராக வேலை செய்வார். முடிவில் அறிக்கை எழுதிக் கொடுக்க, பல்கலைக்கழகம் அதை மதிப்பிடும். மாணவர்கள் 'பிளேஸ்மென்ட்' என்று சொல்வது இதைத்தான். வேறு துறையிற் பட்டம் பெற்றுக் கணனிக்கு மாறுவோருக்கான முதுமாணிப் படிப்புகள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு.

புதிய ஏற்பாடு அன்று

படிப்பையும் வேலையையும் மாறி மாறிச் செய்யும் இந்த முறை நேற்று முளைத்ததன்று. சண்டர்லன்ட் தொழில்நுட்பக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலேயே பொறியியல் மாணவர்களுக்கு இத்தகைய படிப்பைத் தொடங்கியது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கறி இருப்பதுபோலப் படிப்புக்கு நடுவே வேலை இருப்பதால் 'சான்ட்விச்' படிப்பு என்ற பெயர் நிலைத்தது. 1966இல் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்ட அஸ்டன், புரூனல், லஃபறோ ஆகியவை இம்முறையில் பெயர் பெற்றவை. மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறியியல் படித்து இந்நாட்டுக்கு வந்த மூத்த தலைமுறையினர்க்கும் இது அறிந்த விடயமே. தொழிற்பயிற்சி அங்கும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

கணனித் துறையின் பிறப்பிலேயே இந்த உறவு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் 'எட்சாக்' என்ற கணனியை அமைத்துக்கொண்டிருந்தபோது, தேநீர்க் கடைகளுக்கும் கேக் வகைகளுக்கும் பேர்போன லயன்ஸ் கம்பனி அம்முயற்சிக்குப் பண உதவி கொடுத்தது. பணத்தோடு நிற்காமல் தன் ஊழியர் ஒருவரையும் அங்கு வேலை செய்ய அனுப்பியது. எட்சாக் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அங்கு பெற்ற அறிவைக்கொண்டு லயன்ஸ் கம்பனி 'லியோ' என்ற தன் சொந்தக் கணனியைக் கட்டி, 1951 நவம்பரில் தன் வெதுப்பகக் கணக்கு வேலையை அதில் ஓட்டியது. வணிக நிறுவனமொன்றின் அன்றாட வேலைக்குக் கணனி பயன்பட்ட முதற் சந்தர்ப்பமாக அது சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகம் அறிவைக் கொடுத்தது. அந்த அறிவுக்குக் கணக்குப் பார்க்க ஒரு வேலையைத் தொழிற்சாலை கொடுத்தது. 1953இல் கேம்பிரிட்ஜ் கணனிக்கென ஓராண்டுப் பட்டப்பின் டிப்ளோமாவைத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வேலையிடம் கற்பிப்பது எது?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. கணனித் துறையில் இதன் உண்மையை எளிதிற் காணலாம். வகுப்பிற் கொடுக்கப்படும் பயிற்சியை மாணவர் தனியே தொடங்கித் தனியே முடிக்கிறார். புள்ளி கிடைத்ததும் அந்த நிரலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறுவனத்திலோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை வாசித்து விளங்கிக்கொண்டு, அதில் ஒரு சிறு திருத்தம் செய்யவேண்டும். அந்தத் திருத்தத்தால் வேறோரிடம் பழுதாகாது என்று சோதித்துக் காட்டவேண்டும். சக ஊழியர் அதைப் பார்த்துக் குறை சொல்லும்போது முகம் கோணாமற் கேட்கவேண்டும். கணனி பற்றி ஒன்றும் அறியாத வாடிக்கையாளர் சொல்வதிலிருந்து அவருக்கு உண்மையில் வேண்டியது எது என்று பிரித்தெடுக்கவேண்டும். குறித்த நாளில் வேலை முடியாதென்றால் அதை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லும் துணிவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பாடநூல் உண்டு. ஆனால் பாடநூலை வாசித்து இவற்றைப் பழகியவர் எவரும் இல்லை.

அரசின் வேண்டுகோளின்படி பேராசிரியர் நைஜல் ஷட்போல்ட் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். விஞ்ஞானம், பொறியியல் சார்ந்த ஏனைய துறைகளின் பட்டதாரிகளோடு ஒப்பிடும்போது, கணனி விஞ்ஞானப் பட்டதாரிகளிடையே வேலையில்லாதோர் விகிதம் கூடுதலாக இருந்தமையை அது ஆராய்ந்தது. கணனிக்கு இவ்வளவு கேள்வி இருக்கும் நாட்டிற் கணனி படித்தவர்களுக்கு வேலை இல்லை என்பது பலருக்கும் வியப்பளித்தது. வேலை அனுபவம் பெற்றவர்களின் நிலை பெறாதவர்களின் நிலையைவிட மேலானது என்பதையும், மாணவர்க்கு அத்தகைய அனுபவம் கிடைக்கச் செய்யவேண்டும் என்பதையும் அந்த அறிக்கை வற்புறுத்தியது.

அதன்பின் நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் 'சாட் ஜிபிடி' வெளியானது முதல், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. மாணவர் ஒரு வாரம் முயன்று எழுதும் பயிற்சியை அக்கருவி சில நிமிடங்களில் எழுதிவிடும். அது எழுதியது சரியா, இந்த நிறுவனத்துக்கு இது பொருந்துமா, பிழைத்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மான அறிவு வேலையிடத்திற்தான் வளரும். ஆகையால் தொழிற்பயிற்சியின் பெறுமதி இக்காலத்திற் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

தானாக வருவதன்று

இவ்வளவும் உண்மை. ஆயினும் பெற்றோர் பலர் ஏமாறும் இடம் இனித்தான் வருகிறது. படிப்பின் பெயரில் 'தொழிற்பயிற்சியோடு' என்ற சொல் இருந்தால், கட்டணம் கட்டியவுடன் பயிற்சியும் சேர்ந்து வரும் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மிகப் பல பல்கலைக்கழகங்களில் அப்படி இல்லை. இடத்தைத் தேடுவதும், விண்ணப்பிப்பதும், நேர்முகப் பரீட்சையில் வெல்வதும் மாணவரின் பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் அதற்கென அலுவலகம் ஒன்று இருக்கும். அது ஆலோசனை சொல்லும், விளம்பரங்களை அனுப்பும், விண்ணப்பத்தைத் திருத்தித் தரும். இடத்தை வாங்கித் தரமாட்டாது. குறித்த திகதிக்குள் இடம் கிடைக்காத மாணவர் தொழிற்பயிற்சி இல்லாத ஓராண்டுப் படிப்புக்கு மாற்றப்படுவார்.

கால அட்டவணையும் மாணவருக்குச் சாதகமானதன்று. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான பயிற்சி இடங்களுக்குச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே விண்ணப்பம் கோரத் தொடங்கும். பல இடங்கள் நத்தாருக்கு முன்னரே மூடப்பட்டுவிடும். செப்டெம்பர் இறுதியில் வகுப்புக்கு வந்த முதுமாணி மாணவர் கையில் அப்போது ஒரு புள்ளிகூட இராது. "முதலிற் படிப்பில் கவனம், வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்று வீட்டிற் சொல்லும் புத்திமதி, மற்ற இடங்களில் நல்ல புத்திமதியாக இருக்கலாம். இங்கே அது பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமம். தைமாதம் பொங்கிவிட்டு விண்ணப்பிக்கப் புறப்படுபவருக்கு நல்ல இடங்களிற் பாதி போயிருக்கும்.

சம்பளம் பற்றியும் தெளிவு வேண்டும். கணனித் துறையிற் பயிற்சி மாணவர்க்குச் சம்பளம் கொடுப்பதே வழக்கம். எனினும் உயர்கல்வியின் ஒரு பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாமல் செய்யப்படும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கட்டாயமில்லை. ஆகவே சம்பளம் எவ்வளவு என்பதைக் கையொப்பமிடுமுன் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

இரு வகைக் குடும்பங்கள்

இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மாணவ விசாவில் வரும் பிள்ளைக்கும் இவ்விடயம் ஒன்றுபோல அமைவதில்லை.

இங்கிலாந்தில் வதியும் மாணவர்க்கு முதுமாணிப் படிப்புக்கான அரசுக் கடன் 2016 முதல் உண்டு. 2025 ஓகஸ்ட் முதல் ஓராண்டுக்குள் தொடங்கும் படிப்புகளுக்கு அது 12,858 பவுண்வரை கிடைக்கும். அந்தத் தொகை முழுப் படிப்புக்கும் உரியது. படிப்பு இரண்டாண்டாக நீண்டால் கடனும் இரட்டிக்கும் என்று எண்ணக்கூடாது. பயிற்சி ஆண்டிற் கிடைக்கும் சம்பளத்தைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டே திட்டமிடவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரின் பொறுப்பு இன்னும் பாரமானது. அவருடைய படிப்புக் கட்டணம் மிகக் கூடியது. விசாவோடு செலுத்தவேண்டிய சுகாதாரக் கட்டணம் மாணவர்க்கு 2024 பெப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண். 2024 ஜனவரி முதல், விரிவுரை வழி முதுமாணிப் படிப்புக்கு வருவோர் மனைவி, கணவன், பிள்ளைகளைத் தம்மில் தங்கியிருப்போராக அழைத்துவர முடியாது. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். முதுமாணி மாணவர்க்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் கோடைகாலமும் தவணையாகவே கொள்ளப்படும். படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக அமைந்த தொழிற்பயிற்சியின்போது மாத்திரம் முழுநேரம் வேலை செய்யலாம். பயிற்சி கிடைக்காமல் ஓராண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டால், பல்கலைக்கழகம் அதை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும். விசாக் காலமும் குறைக்கப்படலாம். ஊரிற் காணியை ஈடுவைத்து இரண்டாண்டுக்குக் கணக்குப் போட்டு வந்த பிள்ளைக்கு அது பேரிடி.

பயிற்சி கிடைத்தவருக்கோ அது பெரிய துணை. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடுவதற்கான பட்டதாரி விசா 2021 ஜூலையில் இரண்டாண்டுக் காலத்துக்கு என்று தொடங்கப்பட்டது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. நிறுவனத்தின் அனுசரணையோடு பெறும் தொழில் விசாவுக்குரிய பொதுச் சம்பள எல்லை 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுணாக உயர்ந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு அதிற் சலுகை உண்டெனினும், எல்லை எல்லைதான். காலம் சுருங்கி, எல்லை உயரும்போது, இந்நாட்டில் ஓராண்டு வேலை செய்த சான்றோடு நிற்பவருக்கும் வெறும் பட்டத்தோடு நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தொழிற்பயிற்சிக் காலம் மாணவ விசாவுக்குள் அடங்குவதால் பட்டதாரி விசாவின் மாதங்களை அது தின்பதுமில்லை.

மறுப்பவர் சொல்வது

"ஓராண்டில் முடித்துக்கொண்டு நேரே வேலைக்குப் போவதை விட்டு, எதற்கு இரண்டாண்டு?" என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கொழும்பிலோ பெங்களூரிலோ நாலைந்து ஆண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வருபவருக்கு ஓராண்டுப் படிப்பே பொருத்தம். அவர் பயிற்சி மாணவராகத் திரும்பவும் அடிப்படியில் நிற்கத் தேவையில்லை. பட்டப்படிப்பிலேயே ஓராண்டு தொழிற்பயிற்சி செய்தவருக்கும் இது பொருந்தும். ஆனால் எந்த அலுவலக வாசலையும் மிதியாத புதிய பட்டதாரிக்கும், வேறு துறையிலிருந்து கணனிக்கு மாறுபவருக்கும் அந்த ஓராண்டு வீணான ஆண்டன்று. வேலை அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை என்ற சுழலிலிருந்து அவரை வெளியே இழுக்கும் கயிறு அதுதான்.

வீட்டில் மாறவேண்டியவை

இதில் வீட்டாரின் மனப்போக்குக்கும் பங்குண்டு. தொழிற்பயிற்சி இடம் லண்டனில் வீட்டுக்கு அருகில்தான் அமையவேண்டும் என்பதில்லை. ரெடிங், பிறிஸ்டல், மன்செஸ்டர், எடின்பரோ என்று எங்கும் அமையலாம். மகனை அனுப்பும் பெற்றோர், மகளுக்குக் கிடைத்த இடத்தை "தூரம்" என்று சொல்லி மறுப்பது இன்றும் நடக்கிறது. பட்டம் பெறுவதற்குப் பெண்ணுக்குத் தடையில்லை என்று பெருமை பேசிவிட்டு, அந்தப் பட்டத்தைப் பயனுள்ளதாக்கும் படியில் அவளை நிறுத்துவது கல்விக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விசாவில் வந்த பிள்ளையைத் தம் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ வைத்திருக்கும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. செலவுக்கு உழைப்பது இழிவன்று. பலர் அப்படித்தான் முன்னுக்கு வந்தார்கள். ஆயினும் முதற் தவணையின் சனி ஞாயிறு முழுவதும் கல்லாப்பெட்டிக்கு முன் கழிந்தால், விண்ணப்பம் எழுதுவது எப்போது? அந்த மூன்று மாதங்களில் அவருக்குக் கொடுக்கும் ஓய்வு நேரம் பண உதவியைவிடப் பெரிய உதவி.

ஊரிலுள்ள முகவர்களின் வாக்குறுதியையும் அளந்து பார்க்கவேண்டும். "பயிற்சி நிச்சயம்" என்று எவர் சொன்னாலும், அதைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் கேட்கவேண்டும். சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், பயிற்சி ஆண்டுக்குக் கட்டணம் எவ்வளவு, கிடைக்காவிட்டால் செலுத்திய பணத்துக்கு என்ன ஆகும் என்னும் இந்த ஐந்து கேள்விகளுக்கும் தெளிவான மறுமொழி தராத இடத்திற் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியது

சைவ மக்கள் நவராத்திரியின் ஒன்பதாம் நாளிற் சரசுவதி பூசையையும் ஆயுத பூசையையும் சேர்த்தே செய்கிறார்கள். ஏடும் எழுத்தாணியும் வைக்கப்படும் அதே பீடத்திற் சுத்தியலும் தராசும் தையல் இயந்திரமும் வைக்கப்படுகின்றன. அறிவு வேறு, தொழில் வேறு என்று முன்னோர் கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நவராத்திரி வருவதும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில்தான். பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பம் கோரப்படுவதும் அதே மாதங்களில்தான்.

இந்நாட்டின் எந்த ஆலயத்திலும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் அடியார்களில் கணனித் துறையிற் பத்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளிலும், மருத்துவச் சேவையிலும், தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் மற்றவர்களை வேலைக்குத் தெரிவுசெய்யும் பொறுப்பில் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. அதே மண்டபத்தின் மறுகோடியில் இருந்து அன்னதானம் உண்ணும் மாணவர், நேர்முகப் பரீட்சை என்றால் எப்படியிருக்கும் என்று தெரியாமல் தவிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இந்த இடைவெளியை அடைக்கப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. விஜயதசமியை அடுத்த நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்தபின் இரண்டு மணித்தியாலம் மண்டபத்தைத் திறந்து வைத்தாற் போதும். அனுபவமுள்ளவர் மாணவரின் சுயவிபரக் கோவையை வாசித்துத் திருத்தலாம். பொய்யாக எழுதியதை வெட்டச் சொல்லலாம். கூச்சத்தால் எழுதாமல் விட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். மாதிரி நேர்முகப் பரீட்சை வைத்து, ஆங்கிலத்தில் அஞ்சாமற் பேசப் பழக்கலாம். தம் நிறுவனத்தில் இடம் இருந்தால் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டலாம். இது சிபாரிசு பிடித்து வேலை வாங்கிக் கொடுப்பது அன்று. தகுதியுள்ளவர் தகுதியைக் காட்டத் தெரியாமல் தோற்றுப்போகாதிருக்கச் செய்யும் உதவி. அது வித்தியாதானம்.

ஆலயத் திருவிழாவுக்கு உபயகாரர் கிடைப்பதில் இந்நாட்டிற் குறைவில்லை. தன் துறையின் அறிவை உபயமாகக் கொடுக்க ஆண்டுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவோர் ஒவ்வோர் ஆலயத்திலும் பத்துப் பேர் முன்வந்தால், அடுத்த செப்டெம்பரில் வந்திறங்கும் பிள்ளைகளின் ஈடுவைத்த காணிகள் மீட்கப்படும். அந்தப் பத்துப் பேரின் பெயர்களைச் சங்கச் செயலாளர் இந்த நவராத்திரிக்கு முன்னரே எழுதத் தொடங்கவேண்டும். கலைமகளின் திருவருள் துணைநிற்பதாக.